பதில் கவர்னர்

"மூடட்டே, அங்கிள்?"

செத்தவீடு நடக்கும் மலர்ச்சாலையில் வேலை செய்யும் றொனால்ட் பெட்டியின் மூடியில் கைவைத்தபடி மறுபடியும் கேட்டார். தகனத்துக்குக் கொண்டுபோகும் கார் வெளியே காத்திருந்தது. சச்சிதானந்தன் மனைவியின் சேலைக் கரையைச் சரிசெய்துகொண்டே நின்றார். மகள் துர்க்கா பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா ஒரு சொல் சொல்லாமல் அம்மாவை எப்படி அனுப்புவது?

ஊரில் சரித்திரம் படிப்பித்தவர் அப்பா. வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளில் ஜெனரலும் கவர்னரும் கீரியும் பாம்புமாய் இருந்த கதையென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஜெனரல் படையைக் கிளப்பு என்பான், கவர்னர் கூடாது என்பான், இருவரும் லண்டனுக்கு முறைப்பாடு எழுதுவார்கள். அந்தச் சண்டையை அப்படியே இந்தக் குளிர்நாட்டு மல்வேர்ன் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அவர் ஜெனரல், அம்மா கவர்னர். போர்க்களம் வீட்டு ஹீற்றர். இவர் கூட்டுவார், அவள் குறைப்பாள். தள்ளி மில்லிக்கனில் இருக்கும் துர்க்காதான் லண்டன். விடிந்தால் இரண்டு பக்கத்து முறைப்பாடும் போனில் வரும். எரிச்சல்தான். ஆனால் அது வராத நாளில் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

"கவர்னர் கண்ணை மூடினா, அந்த இடத்துக்கு ஜெனரல்தான் பதில் கவர்னர். அதுதான் சட்டம்" என்று அப்பா சீண்டுவார்.

"மூடினாப் பிறகு பாப்பம்" என்பாள் அம்மா.

துர்க்கா அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, இப்ப நீங்கள்தானே பதில் கவர்னர். மூடச் சொல்லி ஓடரைக் குடுங்கோ."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பதில் எண்டா, உண்மையான ஆள் திரும்பி வருமட்டும்தான், பிள்ளை."

துர்க்காவுக்கு அழுகை வெடித்தது. அப்பா குனிந்து அம்மாவின் நெற்றிப் பொட்டைத் தொட்டார்.

"போட்டு வாருமப்பா" என்றார்.

போயிட்டு வா என்பது செத்தவீட்டில் சொல்லக்கூடாத சொல். நின்றவர்களில் ஒருவரும் திருத்தவில்லை. அதற்குப் பிறகுதான் றொனால்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உள்ளே குளிர் விறைத்தது. துர்க்கா கோட்டைக் கழற்றிவிட்டு, ஹீற்றரைக் கூட்டச் சுவர்ப்பக்கம் கை நீட்டினாள்.

"உதிலை கை வையாதை" என்றார் அப்பா. "கவர்னரின்ர ஓடர்."

ஜக்கற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். துர்க்காவும் கழற்றிய கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தாள்.