மெதுவாக அடி, எர்க்கி

எங்கள் மெட்டல் இசைக் கூட்டத்தை வைத்து ஒரு ஆல்பம் முடிப்பது தவளைகளைத் தராசில் நிறுப்பதற்குச் சமம். கித்தார் வாசிக்கும் பெண்ட்டிக்கு பிளாக் மெட்டல் இரைச்சல் வேண்டும். டிரம்ஸ் அடிக்கும் எர்க்கிக்கு கிரைண்ட்கோரின் அசுர வேகம் வேண்டும். பாடிக்கொண்டே பேஸ் கித்தார் வாசிக்கும் நான் கேட்டது, டூம் மெட்டல் பாணியில் ஊர்ந்து போகிற பாட்டு, ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் கலந்துவிடலாம் என்று முடிவானபோதே எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது.

மற்ற பாட்டெல்லாம் முடிந்தது. பாக்கி என்னுடையதுதான். போன குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனி உடைந்து மூழ்கிச் செத்துப்போன ஓஸ்மோவுக்காக எழுதியது. ஓஸ்மோ எங்கள் பழைய கித்தார்காரன், எர்க்கியின் தம்பி. சொந்தத் தம்பியின் பாட்டையே எர்க்கி கெடுத்துக்கொண்டிருந்தான். மெதுவாக ஆரம்பிப்பான், கொஞ்ச நேரத்தில் பேய் பிடித்தவன் மாதிரி பிளந்து தள்ளுவான். நாளையோடு ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டும். பதிவாகாவிட்டால் ஓஸ்மோ இல்லாமலே ஆல்பம் வெளியாகும்.

வழக்கம்போலச் சண்டையை சானாவுக்குள், அந்த நீராவிக் குளியல் அறைக்குள், கொண்டுபோனோம். அந்தச் சூட்டில் துணியில்லாமல் உட்கார்ந்தவன் ரொம்ப நேரம் பொய் சொல்ல மாட்டான் என்பது எங்கள் தாம்பெரே ஊர் நம்பிக்கை.

"உனக்கு என்னதான்டா பிரச்சனை? சின்னக் குழந்தைகூட அடிக்கும் இதை," என்றேன் எர்க்கியிடம்.

"தூக்கம் வருது. சவ ஊர்வலம் மாதிரி இருக்கு."

"சவ ஊர்வலம்தானேடா அது?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க, வேர்க்கவாவது விடுங்க," என்றான் பெண்ட்டி.

எர்க்கி சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினான்.

"வேகமா அடிச்சா கை மட்டும்தான்டா வேலை செய்யும். இதுல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல அவ்வளவு நேரம் சும்மா கிடக்கு. அதுக்குள்ள அவன் வந்துடறான். நான் என்ன பண்றது, டார்மோ?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காத அவன்மேலும், கண்டபடி திட்டித் தீர்த்த என்மேலும்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்படிடா சொல்றது?"

"சரி, வந்தா வரட்டும். நீ மெதுவாவே அடி."

மறுநாள் காலை மெதுவாகவே அடித்தான். பாதிப் பாட்டில் அடுத்த அடிக்காகக் காத்திருந்தோம். அது விழவில்லை. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு எர்க்கி தேம்பித் தேம்பி அழுதான்.

பாட்டு நின்ற இடத்தோடு அப்படியே ஆல்பம் வெளியாகிவிட்டது. இத்தனை பாணியைக் கலக்கத் தெரிந்தவர்களுக்குக் கடைசிப் பாட்டை முடிக்கத் தெரியவில்லையாம், விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். இன்னொரு தடவை அடி என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.