எல்லைக்காரியம்மன் வடம்

மேலையெல்லைக்கும் கீழையெல்லைக்கும் நடுவே ஓர் அகழி. வெயில் காலத்தில் ஆடு மேயும். மழை வந்தால் முழங்காலளவு சேறு. கரையில் நிற்கிற கல்லில் ஒரு பக்கம் மீன், மறுபக்கம் வில். பாண்டியன் படை வேணாட்டைப் பிடிக்க வந்தபோது, இரண்டு படையும் ஒரு மழைக்காலம் முழுக்க இக்கரையும் அக்கரையுமாக உட்கார்ந்துவிட்டதாம். சண்டையும் போடவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. பொங்கிப் போட்டு அலுத்துப்போன ஊர்க்காரர்கள், "வடத்தைப் பிடிச்சு இழுங்க, தோத்தவன் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு ஜெயித்தது யார் என்பதில் இரண்டு ஊருக்கும் இன்னும் வழக்குத்தான். வடமிழுப்பு மட்டும் நிற்கவில்லை. கார்த்திகைத் திருநாளில் எந்த ஊர் ஜெயிக்கிறதோ அந்த ஊரில் எல்லைக்காரியம்மன் ஒரு வருசம் இருப்பாள்.

சொர்ணம்மாள் பிறந்தது கிழக்கே கீழையெல்லையில், வாழ்க்கைப்பட்டது மேற்கே மேலையெல்லையில். வடத்தின் ஒரு முனையில் புருசன் நாராயணபெருமாள், மறுமுனையில் அண்ணன் பகவதியப்பன். யார் சேற்றில் விழுந்தாலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இரண்டு வீட்டிலும் அதற்கு ஏச்சு வாங்குவாள்.

ஐம்பத்தாறாம் வருசம் நவம்பர் பிறந்ததும், அதுவரை வேறு வேறு மாகாணத்தில் இருந்த இரண்டு ஊரும் ஒரே மாகாணத்துக்குள் வந்தன. வெடி போட்டார்கள், சர்க்கரை வழங்கினார்கள். அந்தச் சந்தோசம் ஆறுமுன்னே மேலையெல்லையின் ஊர்த்தலைவர் சிவதாணு கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்.

"எல்லையே போயிட்டு. இனி எதுக்கு வடம்? அம்மன் இருக்க எடத்துலயே இருக்கட்டும்."

அந்த வருசம் அம்மன் இருந்தது மேலையெல்லையில்!

சேதி தெரிந்த பகவதியப்பன் கொட்டுகிற மழையில் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாப்பிள, இது களவுல்லா?" என்று நாராயணபெருமாளிடம் எகிறினான்.

"களவா? போன வருசம் இழுத்து ஜெயிச்சோம் மச்சான்."

"அப்பம் அம்மன் எங்க ஊருக்கு வாறது வரைக்கும் இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

சொர்ணம்மாள் நீட்டிய கருப்பட்டிக் காப்பியைத் தொடாமல் போய்விட்டான்.

மறுநாள் வயலில் களை பறிக்கும்போது நடந்ததைச் செல்லக்கனியிடம் சொன்னாள். செல்லக்கனி சிவதாணுவின் மகள், கீழையெல்லையில் வாழ்க்கைப்பட்டவள். நடவானாலும் களையானாலும் இரண்டு ஊர்ப் பெண்களும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள். அன்று களை பறித்ததைவிடப் பேசிச் சிரித்ததுதான் அதிகம். சாயங்காலம் ஈரச்சேலையோடு எல்லாரும் சிவதாணுவின் முன்னால் போய் நின்றார்கள்.

"வடம் இழுக்கணும் மாமா" என்றாள் சொர்ணம்மாள்.

"யாரு யாருக்கு எதிரா இழுக்க? எல்லாரும் ஒரே நாட்டுக்காரங்கல்லா இப்பம்?"

"அதுதான் நானும் சொல்லுதேன். ரெண்டு ஊரு ஆம்பிளைகளும் ஒரு பக்கம் பிடியுங்க. பொம்பளைக நாங்க எதிர்ப் பக்கம்."

முற்றத்தில் இருந்த ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏன்ப்பா, பயமாருக்கோ?" என்று செல்லக்கனி கேட்டாள். அதற்குப் பிறகு சிவதாணுவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

திருநாளன்று மழை வெறித்து வானம் தெளிந்திருந்தது. அகழியில் சேறு குழம்பாகக் கிடந்தது. ஆண்கள் பக்கம் முதல் ஆளாக நிற்பது யார் என்று மாப்பிள்ளையும் மச்சானும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். சங்கு ஊதியதும் மேலையெல்லைக்காரர்கள் "ஏலேலோ" என்று இழுத்தார்கள். கீழையெல்லைக்காரர்கள் "ஐலசா" என்று இழுத்தார்கள். இவன் இழுக்கையில் அவன் மூச்சு வாங்கினான். அவன் இழுக்கையில் இவன் காலை மாற்றினான்.

பெண்களுக்குச் சேறு புதிதா என்ன? சொர்ணம்மாள் குலவை எடுத்தாள். ஒரே குலவை, ஒரே பிடி. வடம் வெடுக்கென்று வந்தது. நாராயணபெருமாள் முகம் குப்புறச் சரிந்தான். அவன் முதுகின் மேல் பகவதியப்பன். அதற்கு மேல் இரண்டு ஊரும்.

சொர்ணம்மாள் வடத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை அவளை ஏச யாருக்கும் வாயில்லை. வாய் நிறையச் சேறு.

"சரிட்டி, அம்மன் எந்த ஊருக்கு?" என்றார் சிவதாணு.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதை ஒருத்தியும் யோசித்திருக்கவில்லை.

"முதல்ல ரெண்டு ஊருலயும் எல்லா வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறோம். பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள் சொர்ணம்மாள்.

கீழையெல்லைக்குத்தான் முதலில் போனார்கள். அண்ணன் வீட்டு வாசலில் அம்மனை இறக்கி, "வந்தாச்சா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பகவதியப்பன் தங்கை வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற திரளிக் கொழுக்கட்டையை இலை உரித்து இலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாராயணபெருமாள், "உங்க ஐலசாவாலதான் தோத்தோம் மச்சான்" என்றான்.

"உங்க ஏலேலோவாலடே" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தான் பகவதியப்பன்.

அடுத்த வாரம் செல்லக்கனி ஓடி வந்தாள். "ஏட்டி, கேட்டியா? ரெண்டு ஊரு ஆம்பிளைகளும் தோப்புல கூடி ஒரே சத்தத்துல இழுத்துப் பழகுதாங்க!"

"பழகட்டும்" என்றாள் சொர்ணம்மாள். சொல்லிவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பெண்களைக் கூப்பிடக் கிளம்பினாள்.