எட்டிலிருந்து ஒன்பது வரை

சேலம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கிய கேள்வி கொட்டச்சேடு போய்ச் சேரும்வரை ஓயவில்லை.

"ஏனுங்க, டி.வி.ங்களா?" என்று கண்டக்டர் ஆரம்பித்து வைத்தார்.

"கம்ப்யூட்டருங்க. பழசு."

"எஸ்டேட்டுக்குங்களா?"

"இல்லீங்க."

"புள்ளைங்க படிக்கறதுக்கா?"

"இல்லீங்க. எனக்குத்தான். சும்மா கத்துக்கறதுக்கு."

நாற்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை, முன்னந்தலையில் நரையோடு நின்றுகொண்டு, சும்மா கற்றுக்கொள்ள என்று சொன்னால் இந்த உலகம் லேசில் விட்டுவிடுமா? கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சாந்தாமேரி மானிட்டரை மடியில் கட்டிப்பிடித்தபடி வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் வாந்தி எடுத்தபோது தன் சேலையை நகர்த்தவில்லை, மானிட்டரைத்தான் நகர்த்தினாள். ஏற்காட்டில் இறங்கி, ஜீப் பிடித்து, அங்கேயும் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி வீடு சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

அது 1995 ஜூலை. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் அவள் டைப்பிஸ்ட். புருசன் மனுவேல் அதே எஸ்டேட்டில் களத்து மேஸ்திரி, அதாவது பறித்துக் கழுவிய காப்பிக்கொட்டையைச் சிமெண்டுக் களத்தில் காயவைக்கிற வேலைக்குப் பொறுப்பாளி. பிள்ளைகள் இரண்டும் சேலத்தில் ஆஸ்டலில் படித்தார்கள். காலையில் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கினால் அடுப்பு, ஆபீஸ், மறுபடி அடுப்பு, பாத்திரம் என்று அவளுக்கு நாள் ஓடிவிடும். இருபது வருடமாக அவள் டைப் அடித்தது எல்லாம் அடுத்தவர் எழுதிக் கொடுத்ததுதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம், யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் டைப் அடிக்காமல், தனக்கென்று ஒன்றைச் செய்துபார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் ஏதோ ஆபீசில் கழித்துக்கட்டிய அந்தப் பெட்டியை வாங்கினாள்.

சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற ராமசாமி, கொடுக்கும்போதே விவரமாகச் சொல்லித்தான் கொடுத்தான். "அக்கா, இந்தப் பொட்டிக்குச் சொந்த ஞாபகம் கெடையாதுங்க. எல்லாமே இந்தப் பிளாப்பிலதான். இந்தப் பிளாப்பியைப் போட்டாத்தான் முழிக்கும். நீங்க எழுதறதை இந்தா, இதுல ஏத்தி வெச்சுக்கோணும். எதுக்கும் ரெண்டு ரெண்டாப் போட்டு வெச்சுக்கங்க. பிளாப்பி போச்சுன்னா எல்லாம் போச்சு."

சதுரமாக, கறுப்பாக, அப்பளம் மாதிரி வளைகிற ஆறு பிளாப்பிகள். கூடவே, பேசிக் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைச் சொல்லித்தருகிற, மூலை மடங்கிய ஒரு புத்தகம்.

மனுவேலுக்குப் பெட்டி பிடிக்கவில்லை. "டி.வி. மாதிரி இருக்குது, படம் வல்ல. டைப் மிசின் மாதிரி இருக்குது, பேப்பர் வல்ல. என்னத்துக்குத்தான் ஆவும் இது?" என்பார். வெறும் பச்சை எழுத்து மினுங்குகிற திரைக்கு முன்னால் பெண்டாட்டி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒருநாளும் அவர் தடுக்கவில்லை.

ஆபீசில் கிடந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், எந்த வருடத்துக்கும் ஈஸ்டர் என்றைக்கு வரும் என்று கண்டுபிடிக்கிற கணக்கு ஒன்றைப் பார்த்தாள். சாமியார் பூசையில் அறிவித்தால்தான் தெரியும் என்று நினைத்திருந்ததை ஒரு பெட்டி சொல்லுமா? அவளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. புத்தகத்தை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்து, அந்தக் கணக்கைப் பெட்டிக்குப் புரிகிற வரிகளாக எழுத ஆரம்பித்தாள். லேசுப்பட்ட பாடா? முதல் மாதம் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய ஈஸ்டரைக் கொண்டுபோய்ச் செவ்வாய்க்கிழமையில் வைத்தது. அடுத்த மாதம், மார்ச் ஏப்ரலைத் தாண்டி ஆகஸ்டில் வைத்தது. தூக்கம் கண்ணைச் சொருகும். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து மறுபடி உட்காருவாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வருடமும் சரியாக வந்தது, ஒரு வருடத்தைத் தவிர. 1981. அவர்களுக்குக் கல்யாணம் ஆன வருடம். ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை, ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, கோயிலில் மந்திரித்துத் தாலி கட்டினார்கள். பெட்டியோ ஈஸ்டரே இருபத்தாறாம் தேதி என்றது. அப்படிப் பார்த்தால் அந்தப் புதன், கோயிலில் கல்யாணமே நடத்தாத, ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் போய் விழுந்தது.

மனுவேல் அன்றைக்குத்தான் சிரித்தார். "அப்ப நம்ம கல்யாணம் பெரிய வாரத்துலயா நடந்துச்சு? தவக்காலத்துல தாலி கட்டுன பாவி ஆயிட்டனே!"

அந்த ஒரு வாரத் தப்பைத் துரத்திக்கொண்டு அவள் இன்னும் இரண்டு மாதம் அலைந்தாள். ஈஸ்டரை வைத்து நாள் குறிக்கிற சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெந்தெகொஸ்தே எல்லாம் சேர்த்து நானூறு வரி ஆகிவிட்டது. ஆபீசில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் முதலில் எழுதி வைத்தாள். பிறகு அடித்தல் திருத்தல் பெருகி, எல்லாவற்றையும் திரையிலேயே மாற்றிக்கொண்டு போனாள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் 1981 என்று அடித்தாள். ஏப்ரல் பத்தொன்பது என்று வந்தது. சாந்தாமேரி கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மனுவேல் தூங்கியிருந்தார். மறக்காமல் இரண்டு பிளாப்பியிலும் ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தாள்.

ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வருடம் மலையை நனைத்து ஊறவைத்திருந்தது. செருப்பு, பெல்ட், பைபிள் அட்டை, எல்லாவற்றிலும் பூசணம். ஒருநாள் காலை பிளாப்பி உறையைத் திறந்தவள், "ஐயோ கடவுளே, இதுலயும் வெள்ளையாப் பூத்திருக்குதே" என்று வாய்விட்டுப் புலம்பினாள். மேலுறையில்தான் பூத்திருந்தது. சாயந்திரம் துடைத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

அன்றைக்குப் பார்த்து, மூன்று வாரத்துக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது.

சாயந்திரம் அவள் வரும்போது மனுவேல் வாசலிலேயே நின்றிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"சாந்தா, இங்க வா. காலைல அப்படிப் பதறுனயே, மனசு கேக்கல. ஆறையும் களத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். புதுச் சாக்கு விரிச்சுக் காயப்போட்டேன். அரை மணிக்கு ஒருக்கா நானே திருப்பிப் போட்டேன், ஆளுங்களைத் தொட உடல. பாரு, கலகலன்னு காஞ்சிருக்குது!"

ஆறும் காய்ந்திருந்தன. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது, ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓரம் சுருண்டு, நடு உப்பி, தட்டினால் சத்தம் கேட்டது. காய்ந்த காப்பிக்கொட்டையைச் சோதிப்பதுபோலப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்காத குறைதான். சாந்தாமேரிக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்துவதற்குக் கோபம் வேண்டும், கோபத்துக்குத் தெம்பு வேண்டும். அவளிடம் அன்றைக்கு இரண்டும் இல்லை. அதோடு, ஐந்து மாதத்தில் அந்த மனுசன் பெட்டிக்காகச் செய்த முதல் காரியம் இது.

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க" என்றாள்.

"போட்டுக் காட்டு பாக்கலாம். இன்னைக்கு நானும் உக்காந்து பாக்கறேன்."

ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். பெட்டி கரகரவென்று முனகியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"பொட்டில ஏதோ கோளாறுங்க. சேலத்துல கேக்கோணும்."

மனுவேல் பிளாப்பிகளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சனிக்கெழம அரை நாள் லீவு சொல்லிட்டு நானும் வாரேன்" என்றார். காப்பி காய்கிற மாசத்தில் களத்தை விட்டு அரை நாள் நகராத ஆள். வேண்டாம் என்று அவள் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

ராமசாமி உறையைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடக் கொடுமையே! யாருங்க இதை வெயில்ல போட்டது?"

"நான்தாங்க. தெரியாமப் போட்டுட்டேன்" என்றாள் சாந்தாமேரி சட்டென்று.

"ஏனுங்கக்கா, ஆபீஸ்ல வேலை பாக்கறீங்க, படிச்சவங்க. வடகமா இது, காயப்போட? இதுல இருந்து இனி ஒரு எழுத்துக்கூட வராதுங்க. முழிக்க வெக்கற பிளாப்பி நான் வேற போட்டுத் தாரேன், அது ரெண்டு நிமிச வேலை. நீங்க எழுதுனது போனது போனதுதான். எத்தனை நாள் எழுதுனீங்க?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசத்தை ஒரே நாள்ல கருக்கிட்டீங்களே. இந்த மடத்தனத்தை எங்கயும் பாக்கல."

"அவங்களைப் பேசாதீங்க தம்பி." மனுவேல் முன்னால் வந்து நின்றார். "நான்தான் போட்டேன். இருவத்தி ரெண்டு வருசமாக் களத்து மேஸ்திரி நான். ஒரு மூட்டை கெட்டுதுன்னு எவனும் சொன்னதில்ல." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புதுப் பிளாப்பியோடு திரும்பி வருகிற பஸ் பாதி மலை ஏறியிருந்தது. சாந்தாமேரிக்கு, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு நிம்மதிகூட இருந்தது. போனது போகட்டும். இன்றைக்கு எட்டு மணிக்குப் படுத்து அடித்துப்போட்ட மாதிரித் தூங்கலாம். என்றைக்காவது மனசு வந்தால், அப்போது வேறு எதையாவது எழுதிப் பார்க்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

"நான் விட்டுர்றேங்க. நொம்ப அசதியா இருக்குது" என்றாள்.

மனுவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட பஸ்ஸில் அப்படிப் பிடித்ததில்லை.

"அப்படிச் சொல்லாத சாமி. நீ உட்டா அது நான் கெடுத்ததுன்னுதான் ஆவும். அந்தப் பொட்டி சும்மா கெடக்கறதைப் பாத்துட்டு நான் எப்படி அந்த ஊட்டுல சோறு திங்கறது? எனக்காவ இன்னொருக்கா எழுது. அதே மாதிரி, அந்த நானூறு வரியும். எழுதுவயா?"

அவர் கண் கலங்கியிருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

"எழுதறேங்க" என்றாள்.

அன்றைக்குப் பாத்திரத்தை அவரே கழுவினார். அடுப்பைத் துடைத்தார். எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெட்டிக்கு மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்து, தனக்கும் ஒரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"வா சாந்தா, எட்டாச்சு" என்று கூப்பிட்டார்.

அவள் முகத்தில் அடித்துக்கொண்ட தண்ணீரைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவருக்காக முதல் வரியை அடித்தாள்.