எண்ணிப் பார்க்காத ஒரு காலை

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் சர்வர் அக்கா. நோயாளிகளின் பழைய விவரங்கள் குடியிருக்கும் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் வந்ததும், பையைக்கூட இறக்காமல், அதிலிருக்கும் பெரிய பட்டியலின் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை கம்ப்யூட்டரை எண்ணச் சொல்வாள். எதுவும் தொலையவில்லை என்று தெரிந்தால்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

அப்படியும் வரவேற்பில் பெயரைத் தட்டினால் விவரம் ஆடி அசைந்துதான் வரும். வரிசை வாசல்வரை நீளும். வரவேற்பில் இருப்பவர் திட்டு வாங்கிக்கொண்டு அவளுக்கு போன் அடிப்பார். அவள் பதறிப்போய் இன்னொரு தடவை எண்ணுவாள். பாழாய்ப்போன டிஸ்க் என்று புலம்புவாள். லீவு என்ற பேச்சே கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்காவுக்கு இதில் ஏகக் கோபம். "போன தடவ உன் முகத்தையே பாக்காம திரும்பிப் போனேன். இந்தத் தடவயும் அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழப்போறியா?"

மனசு கேட்கவில்லை. அக்கா வந்திருப்பதைச் சொல்லி மேலாளரிடம் ஒரு நாள் லீவு எழுதிக்கொடுத்தாள்.

அக்காவோடு கடற்கரையில் மரநிழலில் உட்கார்ந்தும் கண் போனிலேயே இருந்தது. அது வாயே திறக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் வரவேற்புக்கு அவளே அடித்தாள்.

"என்னாச்சு, சர்வர் படுத்துடுச்சா?"

"இல்லக்கா, இன்னிக்குப் பறக்குது. பேரைத் தட்டினதும் வந்து நிக்குது. போறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யலையே..." என்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. இன்று அவள் எண்ணவே இல்லை.

கம்ப்யூட்டரின் மெமரி ஒரு மேசை என்றால், டிஸ்க் பின்னறை அலமாரி. அடிக்கடி கேட்கும் விவரங்கள் மேசையிலேயே கிடக்கும். கையை நீட்டினால் போதும். அவளுடைய எண்ணிக்கையோ மொத்த அலமாரியையும் மேசைக்கு இழுத்துவரும். அத்தனைக்கும் அங்கே ஏது இடம்? வரவேற்புக்கு வேண்டியவை வெளியே தள்ளப்படும். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் பின்னறைக்கு நடையாய் நடக்க வேண்டும். புகார் வந்ததும் அவள் மறுபடி எண்ணுவாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலாளருக்கு அடித்து உள்ளதைச் சொன்னாள். "டிஸ்க் மேல தப்பில்ல சார். நான் தினமும் எண்ணுறதுதான் வினை."

அவர் கேட்டார். "உங்க அக்கா எப்ப கிளம்புறாங்க?"

"ஞாயித்துக்கிழமை சார்."

"அதுவரைக்கும் ஆபீஸ் பக்கமே வராதீங்கம்மா. நாங்க நல்லா இருக்கோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் அழுகையும் வந்தது. "அக்கா, போன தடவயும் நான் உன்கூட இருந்திருக்கலாம்."

"இப்ப வந்துட்டேல்ல" என்றாள் அக்கா. "கொஞ்சம் தள்ளி உக்காரு, எனக்கு வெயில் அடிக்குது."