மூன்றாவது பாஸ் டிரம்

என் வாழ்க்கையில் நான் தவறு செய்த தருணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று சொன்னால், என் மனைவி புஷ்பவல்லி கால்விரல்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வாள். அவள் கிடக்கிறாள். ரயில் நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு நிமிடம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு பேண்டில் டிரம் அடிக்கப் போனான் என்றால் பேண்டுக்குத்தான் கஷ்டகாலம்.

1996ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிட்னியின் பிளாக்டவுனில் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். கடைக்குப் பின்னாலிருந்த கார் பார்க்கில் எட்டுப் பேர் டிரம் இல்லாமல் வரிசையாக நின்று, நின்ற இடத்திலேயே காலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு பூட்ஸ். சத்தம் ஒன்றே ஒன்று. மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூடப் பேண்டில் நாலு வருடம் இருந்தவன் நான். அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் ஒரு நாள்கூட எழுப்பியதில்லை. கறிவேப்பிலையைக் கையில் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன். காரில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வரிசைக்கு முன்னால் நின்று அவர்களை ஆட்டிவைத்தவள் சந்திரவதனா. யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் டிரம்மைத் தொட்டதே கிடையாதாம். சிட்னிக்கு வந்து இருபத்திரண்டு வயதில்தான் குச்சியைப் பிடித்தாளாம். பழைய டெலிபோன் புத்தகத்தின் மேல் அடித்து அடித்துப் பழகி, அதன் அட்டை பஞ்சாகிப்போனதும் அடுத்த வருடத்துப் புத்தகத்துக்குக் காத்திருப்பாளாம். எட்டே வருடத்தில் அந்தப் பேண்டின் டிரம் அணிக்கு அவள்தான் கேப்டன். அவளைவிட உயரத்திலும் பருமனிலும் இரண்டு மடங்கான ஆஸ்திரேலியர்கள் அவள் புருவத்தை உயர்த்தினால் பேச்சை நிறுத்துவார்கள். இதையெல்லாம் நான் பொறாமை இல்லாமல் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

அணியில் ஒரு இடம் காலியாக இருந்தது. மூன்றாவது பாஸ் டிரம். குணசீலன் என்று பேர் கொடுத்து ஒட்டிக்கொண்டேன்.

ஊதுகிறவர்கள் வாத்தியத்தை இறக்கி மூச்சு வாங்கும்போது, மொத்தப் பேண்டையும் நடக்க வைப்பது டிரம் அணிதான். அப்போது நாங்கள் அடிப்பதைக் கேடன்ஸ் என்பார்கள். முன்வரிசையில் சந்திரவதனாவையும் சேர்த்து நாலு ஸ்னேர், அதாவது சடசடக்கும் சிறு டிரம், அதற்குப் பின்னால் ஒரு டெனர் டிரம், கடைசியில் சிறிதிலிருந்து பெரிதாக ஐந்து பாஸ். பாஸ்காரர்களான எங்கள் வேலை விசித்திரமானது. ஒரு ஆள் அடிக்க வேண்டிய அடிகளைப் பிய்த்து ஐந்து பேருக்குக் கொடுத்திருப்பார்கள். எனக்கு முன்னவன் அடித்து, பின்னவன் அடிக்கும் முன் இருக்கிற இடுக்கில் என்னுடைய ஒரே ஒரு அடி விழ வேண்டும். சரியாக விழுந்தால், யாரோ ஒருவர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வருவதுபோல் இருக்கும். நடுவில் நான் தவறினால் ஒரு படி காணாமல் போய்விடும்.

"அஞ்சு பேரு சேர்ந்து ஒரு ஆளு வேலயப் பாக்குறீங்க. இதுக்கு ஞாயித்துக்கிழமயும் லீவு இல்லயா?" என்றாள் புஷ்பவல்லி.

எனக்கு அது பிடித்துப்போனது. கேடன்ஸை எழுதிக் கொடுத்த காகிதத்தில் என் அடிகள் மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். அந்தக் காகிதத்தை ரயிலில், அலுவலகத்தில், குளியலறையில்கூட வைத்துப் படித்தேன். மூன்று மாதத்தில் முழுவதும் மனப்பாடம்.

அடுத்த வருடம் மே மாதம், முதல் போட்டி. தெருவில் அணிவகுத்துப் போக வேண்டும். நடுவர் ஒருவர் கையில் சின்ன டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு எங்களோடு கூடவே நடந்து, கேட்பதையெல்லாம் அதில் பேசிக்கொண்டே வருவார். போட்டி முடிந்ததும் கேசட்டைப் பேண்டிடமே கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கேடன்ஸில் நான்காம் பகுதியை இரண்டு முறை அடிக்க வேண்டும். முதல் முறை முடிந்தது. நான் இரண்டாம் முறைக்குப் போனேன். மற்ற ஒன்பது பேரும் ஐந்தாம் பகுதிக்குப் போய்விட்டார்கள். நடுத்தெருவில் என் டிரம் மட்டும் தனியாக, டம் என்றது. நான் விடவில்லை. காகிதம் என் பக்கம் இருந்தது. இன்னொரு முறையும் டம் என்றேன்.

அன்று மாலை பயிற்சிக் கூடத்தின் தரையில் எல்லோரும் உட்கார்ந்து கேசட்டைக் கேட்டோம். நடுவரின் குரல் நன்றாகப் பாராட்டிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு பெருமூச்சு. "மூன்றாவது பாஸ். ஐயோ பாவம். அவர் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்" என்றது. பேண்டின் செயலாளர் பிரையன் அதை மூன்று முறை திருப்பிப் போட்டார். எனக்குக் காது மடல் எரிந்தது.

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சந்திரவதனாவிடம் போனேன்.

"கேப்டன், இங்க பாருங்க. நாலாவது ரெண்டு தடவ. தெளிவா எழுதியிருக்கு. நீங்கதான் ஒரு தடவைய விட்டுட்டீங்க."

"ஓம், விட்டனான். முன்னால போன பேண்ட் வளைவில சடாரெண்டு நிண்டிட்டுது. அஞ்சாவது பகுதி வந்தாத்தான் எங்கட லைன் நடக்கிறதை நிப்பாட்டும். விடாட்டி அவையின்ர முதுகில போய் மோதியிருப்பம்."

"எனக்கு எப்படித் தெரியும்? எம் முன்னாடி டிரம்தான் நிக்குது."

"உங்களுக்கு மட்டுமில்லை, ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா எல்லாரும் என்னோட வந்தவை. பேப்பர் நடக்காது, அண்ணா. நாங்கள்தான் நடக்கிறம்."

பிரையன் என்னைத் தாளத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். தாளம் என்றால் பெரிய பித்தளைத் தட்டுகள். எட்டு அடிக்கு ஒருமுறை மோதினால் போதும். நாற்பது வயதில் ஒருவன் டிரம்முக்காக அழலாமா என்று வெட்கமாக இருந்தது. சந்திரவதனா என்னை ஒருமுறை பார்த்தாள். "அக்டோபர் வரைக்கும் அவர் இருக்கட்டும். மாநிலப் போட்டியிலயும் தனிய நிண்டாரெண்டால் அவரே கழட்டி வைப்பார்" என்றாள். அதையே ஆங்கிலத்தில் பிரையனுக்கும் சொன்னாள்.

அடுத்த ஐந்து மாதம் அவள் எங்களைப் பிழிந்தெடுத்தாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, எல்லோருடைய குச்சியும் அந்த உயரத்துக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்பாள். நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பகுதியை விடுவாள், அல்லது மூன்று முறை அடிப்பாள். குச்சி கை தவறி விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தன் இடுப்புப் பையிலிருந்து இன்னொன்றை நீட்டுவார், நடை நிற்காது. ஒருநாள் அவளுடைய விரல் கிழிந்து டிரம் தோலெல்லாம் இரத்தப் புள்ளி. பயிற்சி முடிந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நான் ஆட்களைச் சுலபத்தில் பாராட்டுகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நாலு தட்டில் பத்துப் பேரின் இடது கால் ஒரே நேரத்தில் எழுந்து விழும் சத்தத்தைப் பின்னாலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் புஷ்பவல்லியிடம்கூடச் சொன்னேன். "சரி, சாப்பிடுங்க" என்றாள்.

அக்டோபர் வந்தது. மாநிலப் போட்டியில் டிரம் அணிகள் மட்டும் தனியாக ஒரு சுற்று அடிக்க வேண்டும். தெரு இல்லை, திறந்த மைதானம். ஐந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. குறைந்தால் புள்ளி வெட்டுவார்கள். எங்களுடையது ஐந்து நிமிடம் இருபது விநாடி. அட்டவணைக்காரன் நான், நானே நேரம் பார்த்திருந்தேன்.

முதல் மூன்று பகுதியும் எண்ணெய் போட்டதுபோல் ஓடின. நான்காவதை ஒருமுறை முடித்தோம். சந்திரவதனாவின் ஸ்னேர் நேராக ஐந்தாவதுக்குள் நுழைந்தது.

என் குச்சி பாதி உயரத்தில் இருந்தது. மே மாதத்தைப் போல இல்லை. இந்த முறை எனக்கு எல்லாம் தெரிந்தது. மைதானத்தில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. எதிலும் போய் மோத வழியில்லை. இது உத்தி அல்ல. கேப்டனுக்குத் தவறிவிட்டது. அரை நிமிடம் போச்சு, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், புள்ளி போகும். நான் மட்டும் சரி.

குச்சியை அப்படியே பிடித்து நிறுத்தினேன். ஒன்றாவது பாஸ் விழுந்தது, இரண்டாவது விழுந்தது, அந்த இடுக்கில் என்னுடையது விழுந்தது, நாலு, ஐந்து. மாடிப்படியில் ஒரு ஆள் இறங்கிப் போனார், ஒரு படிகூடக் குறையவில்லை. பத்துப் பேர் சேர்ந்து தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மைதானத்தைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை. சரியாக இருந்த எத்தனையோ நாட்களில் எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

ஒலிபெருக்கியில் முடிவைச் சொன்னார்கள். அடித்த விதத்துக்கு எங்களுக்குத்தான் மைதானத்திலேயே அதிகப் புள்ளி. நேரம் பன்னிரண்டு விநாடி குறைந்ததற்கு இரண்டு புள்ளி வெட்டு. ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

பிரையனின் முகம் சிவந்துவிட்டது. யார் விட்டது என்று கேட்டுக்கொண்டே நேராக என்னிடம்தான் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரவதனா நடுவில் வந்து நின்று, "நான்தான் விட்டேன். எனக்குத் தவறிவிட்டது. இவர்கள் பின்னால் வந்தார்கள், அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கண் கலங்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. பிரையன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். என் இடத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

எல்லோரும் பஸ்ஸில் டிரம்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, நான் நாலாவதை விட்டது உங்களுக்கு அப்பவே தெரியுமே?"

"தெரியும்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"நீங்கதான வரச் சொன்னீங்க?"

அவள் குச்சிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவதுக்குள்ள போன உடனேயே எனக்குச் சந்தேகம் வந்திட்டுது, பிழை விட்டிட்டனோ எண்டு. அந்தப் பகுதி முடியிற இடத்தில குச்சியைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் திரும்ப நாலாவதுக்குக் கொண்டு போயிருக்கலாம். மற்ற ஆக்கள் எப்படியும் வருவினம், அவையைக் கேட்டுப் பிரயோசனமில்லை. உங்கட டிரம்மை மட்டும்தான் கேட்டனான். குணசீலன் அண்ணா பேப்பரை விடமாட்டார், நான் பிழையெண்டால் அவர் வரமாட்டார் எண்டு நினைச்சன். நீங்கள் வந்திட்டியள். அப்ப நான்தான் சரி எண்டு போட்டு நேர போனன்."

ஐந்து மாதம் இராப்பகலாக நான் விடப் பாடுபட்ட அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் இந்தப் பெண் அங்கே நின்றிருக்கிறாள். கோப்பை என்னால் போனதா அவளால் போனதா என்று ரயில் அட்டவணைபோல எழுதிப் பார்த்தாலும் எனக்கு விடை கிடைத்திருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: என்னை அந்த அளவுக்கு யாரும் அதுவரை நம்பியதில்லை.

"அடுத்த தடவ என்ன செய்யட்டும், கேப்டன்?"

அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"என்னோடயே வாங்கோ. பிழையெண்டாலும் வாங்கோ. ஆனா அப்ப என்னை ஒருக்கா முறைச்சுப் பாருங்கோ."

"நான் உங்க முதுகுக்குப் பின்னாடி மூணாவது வரிசையில நிக்கிறேன். நான் முறைக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும், அண்ணா" என்றாள்.