ஸ்விக்கன்ஷூ குடும்பத்தின் பத்தாவது ஆள்

ஆம்பூரில் ஷபீ அஹமதின் தொழிற்சாலை முப்பது வருடமாக இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் ஷூ தைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. தைத்தது இவர்கள், ஷூவுக்குள் அச்சடித்த பெயர் அவர்களுடையது. இதில் ஷபீ அஹமதுக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. வெளிநாட்டில் எம்பிஏ முடித்துத் திரும்பிய மகன் தானிஷுக்குத்தான் இருந்தது. சொந்தமாக ஒரு பிராண்ட் தொடங்கி இந்தியாவிலேயே விற்க வேண்டும் என்றான். சொந்த பிராண்ட் என்றால் சொந்தப் பெயர்தானே என்று நினைத்து, அப்பா தன் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"அப்துல் சமத் ஷூஸா? அந்தப் பேர்ல பிரியாணி விக்கலாம் அப்பா. ஷூ விக்க முடியாது. ஜெர்மன் பேரு வேணும்."

பெயர் தேடும் வேலை நத்தானியேலிடம் வந்தது. இருபத்தாறு வருடமாக ஏற்றுமதிக் காகிதங்களைத் தயாரித்து வந்த அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் பிறந்த லுத்தரன் சபைக்குப் போகிறவர் என்பதால் அவருக்கு ஜெர்மனியோடு ஏதோ உறவு இருக்கும் என்று தானிஷ் நம்பினான். தானிஷ் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பெயர் நிஜமாக இருக்க வேண்டும், ஆனால் கேஸ் போடுகிற அளவுக்கு ஆட்கள் இருக்கக் கூடாது.

குடும்பப் பெயர்களைக் கணக்கெடுக்கும் ஓர் இணையதளத்தில் நத்தானியேல் மூன்று நாள் உட்கார்ந்தார். எந்தப் பெயர் எந்த நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அது சொல்லும். முதலில் கொண்டுபோன பெயர் ஜெர்மனியில் லட்சக்கணக்கானவர்களுக்கு இருந்தது. அடுத்தது நானூறு பேருக்கு.

"நானூறு பேர்ல ஒருத்தனாவது வக்கீலா இருப்பான் சார். இன்னும் கம்மியா பாருங்க" என்றான் தானிஷ்.

நான்காம் நாள் ஒரு பெயர் அகப்பட்டது. ஸ்விக்கன்ஷூ. ஜெர்மனியில் ஒன்பது பேர், மற்ற நாடுகளில் யாரும் இல்லை. 'பெயரின் மூலம்' என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

"பேர்லயே ஷூ இருக்குது பாருங்க சார்!" என்று தானிஷ் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அர்த்தம் இன்னான்னு தெரியலையே, தானிஷ் பாய்."

"ஜெர்மன்காரன் பேரு. மரியாதையாத்தான் இருக்கும்."

தையல் பிரிவில் இருந்தவர்கள் ஒரே நாளில் அதைச் சிக்கன் ஷூ ஆக்கினார்கள்.

பெயர் வந்தபிறகு வரலாறு வேண்டியிருந்தது. அதையும் நத்தானியேல்தான் எழுதினார். மலையடிவாரத்து கிராமம், பனி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஷூ தைக்கும் கொள்ளுத்தாத்தா. அவர் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போனபோது பார்த்த மூடுபனியை வைத்துச் சமாளித்தார். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதற்காக ஹெர்மன் ஸ்விக்கன்ஷூ என்ற நான்காம் தலைமுறைக் கலைஞரையும் படைத்து, ஃபேஸ்புக்கில் ஒரு கணக்கைத் திறந்தார். வசிப்பிடம்: ஆம்பூர். படத்துக்குப் பதிலாக ஒரு பழுப்பு ஷூ.

ஹெர்மனுக்கு வேலை நிறைய இருந்தது, ஏனென்றால் ஷூ கடித்தது. செலவை மிச்சம் பிடிக்க, ஐரோப்பிய ஆர்டர்களுக்காக வாங்கி வைத்திருந்த பழைய கால் அச்சுகளிலேயே தானிஷ் ஷூ தைக்கச் சொல்லியிருந்தான். "நம்மாளு கால் அகலம்டா, இது ஒடுக்கமான அச்சு" என்று ஷபீ அஹமது சொல்லிப் பார்த்தார். "ஜெர்மன் ஃபிட் அப்பா" என்று பதில் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் சுண்டுவிரல் புண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். தொழிற்சாலையின் பெயரில் நத்தானியேல் மன்னிப்புக் கேட்டபோது, அந்த ஆள் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். மறுநாள் நத்தானியேல் ஹெர்மனின் பெயரில், "ஐயா, நீங்கள் எப்படி நடக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு வரி எழுதினார். சிறு வயதிலிருந்தே தன் நடை சரியில்லை என்றும், திருத்திக்கொள்வதாகவும், இன்னொரு ஜோடி கறுப்பில் வேண்டும் என்றும் பதில் வந்தது. நத்தானியேல் அதை இரண்டு முறை படித்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் பேச்சை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. அன்றிலிருந்து ஹெர்மனாக இருக்கும் நேரம் கூடியது.

ஆறு மாதத்தில், பெயர்களைக் கணக்கெடுக்கும் அந்த இணையதளம் ஹெர்மனின் ஃபேஸ்புக் கணக்கையும் சேர்த்து எண்ணிக்கையைத் திருத்தியது. ஸ்விக்கன்ஷூ: ஜெர்மனி ஒன்பது, இந்தியா ஒன்று.

அடுத்த வாரம் ஹெர்மனுக்கு இங்கிலீஷில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹெல்கா ஸ்விக்கன்ஷூ, வயது எழுபத்தொன்று, நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருக்கிற ஒன்பது பேரின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் பதிந்து வைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அச்சடித்து மற்ற எட்டுப் பேருக்கும் அனுப்புகிறவர். பத்தாவதாக ஒருவர் இருப்பது தெரிந்த இரவு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தார். நீங்கள் யாருடைய கிளை?

பதில் போடாமல் விட்டிருக்கலாம். நத்தானியேல் போட்டார். கப்பலில் வந்த ஒரு தாத்தாவைப் பற்றி நாலு வரி, பிறகு ஆம்பூர் வெயிலைப் பற்றி, தன் மகளின் கல்யாணத்தைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி. அந்த அம்மாவும் முட்டிவலியைப் பற்றி எழுதினார். இப்படி நான்கு மாதம் போனது. பிறகு, ஜனவரியில் வருகிறேன் என்று ஒரு கடிதம் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்றாம்.

தானிஷுக்குத் தலைகால் புரியவில்லை. வேலூரில் முதல் ஷோரூம் திறக்கப்போகிற மாதம் அது. "நிஜ ஸ்விக்கன்ஷூ வந்து ரிப்பன் வெட்டினா எப்படி இருக்கும் சார்!"

"அவங்க ரிப்பன் வெட்ட வரல பாய். ஹெர்மனப் பாக்க வர்றாங்க."

தானிஷ் மேசைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினான். "ஹெர்மன முடிச்சிடுங்க."

அன்று வீட்டில் நத்தானியேல் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். வேலூரில் நர்ஸாக இருக்கும் மனைவி பிரிஸ்கில்லாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எத்தன வயசுங்க அந்தாளுக்கு?"

"அறுபத்தி நாலு."

"சுகர் இருந்துச்சா?"

"அதெல்லாம் எழுதல."

"அப்போ ஹார்ட்டுன்னு போடுங்க. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." தட்டை எடுத்தபடியே, "ஒரு பொய்யக் காப்பாத்த ஒரு ஆளையே சாவடிக்கிறீங்க. நல்லா இருக்குது உங்க ஆபீஸ் வேல" என்றாள்.

நத்தானியேல் கம்பெனியின் பெயரில் மாரடைப்பு என்று எழுதினார். அனுப்புவதற்கு முன் ஹெர்மனின் கடிதங்களை முதலிலிருந்து ஒருமுறை படித்தார். மறுநாள் பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம். கட்டாயம் வருகிறேன், கல்லறையில் பூ வைக்க வேண்டும்.

சபைக் கல்லறையில் ஒரு மேட்டைக் காட்டி, மேலே கல் நட்டுவிடலாம் என்றான் தானிஷ். அதற்கு மட்டும் நத்தானியேல் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே அவருடைய அப்பா படுத்திருக்கிறார். கடைசியில், ஹெர்மனை அவர் விருப்பப்படி எரித்துச் சாம்பலைப் பாலாற்றில் கரைத்துவிட்டதாகவும், மகள் கணவனோடு வெளிநாடு போய்விட்டதாகவும் முடிவானது.

ஹெல்கா வந்தார். குள்ளமான, வேகமாக நடக்கிற மனுஷி. காலில் ரப்பர் செருப்பு. தானிஷ் மாலை போட்டான், படம் எடுத்தான். மூவரும் காரில் பாலாற்றுப் பாலத்துக்குப் போனார்கள். ஹெல்கா இறங்கி, கையில் சாமந்திப்பூவோடு எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை மணல், சீமைக்கருவேலம், பிளாஸ்டிக். நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் காபி நிறத்தில் ஏதோ ஓடியது. அதன் மேல் நுரை.

"ஆறு எங்கே?" என்று கேட்டார்.

"இதுதான்" என்றார் நத்தானியேல்.

"இந்தத் தண்ணீரிலா கரைத்தீர்கள்?"

"அன்னைக்கு நெறைய ஓடிச்சு மேடம்" என்றான் தானிஷ் இங்கிலீஷில். அதோடு அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே காரின் மறுபக்கம் போய்விட்டான்.

ஹெல்கா பூவைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். "இறந்த தேதி இருக்கிறது. பதிவு எண் வேண்டும், எந்த அலுவலகம் என்றும் சொல்லுங்கள். பட்டியலில் அதில்லாமல் யாரையும் இறக்க விடமாட்டேன்."

இருபத்தாறு வருடம் காகிதம் தயாரித்தவருக்கு ஒரு பதிவு எண்ணைக் கற்பனை செய்வது கஷ்டமே இல்லை. அந்தப் பென்சில் காத்துக்கொண்டிருந்த விதம்தான் அவரை உடைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஹெர்மன் என்று யாரும் இல்லை. கடிதங்களை எழுதியது நான். மன்னிக்க வேண்டும்.

ஹெல்கா பென்சிலைத் தாழ்த்தினார்.

"மகளின் கல்யாணம்?"

"அது என் மகள்தான்."

"முட்டிவலி?"

"என்னுடையதுதான்."

"உங்களுக்குத் தெரியுமா, போன கிறிஸ்துமஸுக்கு அச்சடித்து எட்டுப் பேருக்கும் அனுப்பிவிட்டேன். பத்து என்று. என் பட்டியலில் இதுவரை ஒரு தப்பும் வந்ததில்லை." நோட்டில் ஹெர்மனின் பெயர் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டார். பிறகு, "இந்தப் பெயருக்கு அர்த்தம் தெரிந்துதான் ஷூவுக்கு வைத்தீர்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றார் நத்தானியேல். ஹெல்கா முதல்முறையாகச் சிரித்தார். "அப்படியானால் நான் கட்டாயம் பேச வேண்டும். மொழிபெயர்க்க நீங்களே வாருங்கள்."

ஷோரூம் திறப்பு விழாவில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. டீலர்கள், உறவினர்கள், முன்வரிசையில் ஷபீ அஹமது. ஹெல்கா மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் பேசினார். பக்கத்தில் நின்ற நத்தானியேல் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு செருப்புத் தைப்பவர் இருந்தார். தோலை மிச்சம் பிடிப்பதற்காக எல்லா ஷூவையும் ஒடுக்கமான அச்சில் தைத்தார். வாங்கியவர் கால் எல்லாம் புண். தொழில் சங்கம் அவரைப் பிடித்து அபராதம் போட்டது. அவர் தைத்த ஷூவை அவர் காலிலேயே மாட்டி, சந்தையைச் சுற்றி நடக்கவிட்டது. அன்றைக்கு ஊர் வைத்த பேர்தான் ஸ்விக்கன்ஷூ. தமிழில் சொன்னால், கடிக்கிற ஷூ."

நத்தானியேல் மூச்சு வாங்கினார். தானிஷ் மேடையின் ஓரத்திலிருந்து கண்ணாலேயே அவரைக் கொன்றுகொண்டிருந்தான். ஹெல்கா தொடர்ந்தார். இவரும் தொடர்ந்தார்.

"அந்தப் பெயரோடு பெண் கேட்டுப் போனால் யாரும் கொடுக்கவில்லை. பாதிப் பேர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மீதிப் பேர் குறைந்துகொண்டே வந்து, இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். பத்து இல்லை. அந்த அபராதத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தோலைத் தொட்டதில்லை. நன்றி."

முதலில் ஷபீ அஹமது மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கைதட்டல் கூரையைத் தொட்டது.

"ஐந்நூறு வருஷமாமே!" என்றார் வாணியம்பாடி டீலர் பக்கத்திலிருந்தவரிடம். "அந்தக் காலத்திலேயே நடக்கவிட்டு டெஸ்ட் பண்ணியிருக்காங்க!"

அன்று காலை ஒடுக்கமாக இருந்த ஷூக்கள் மாலையில் பாரம்பரியமாகிவிட்டன. நத்தானியேலைத் திட்டுவதற்காக மேடைக்குப் பின்னால் காத்திருந்த தானிஷ், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தான். அடுத்த மாதமே பெட்டியில் 'ஐந்நூறு ஆண்டு மரபு' என்று அச்சானது. ஹெல்கா மறுநாள் போய்விட்டார். போகும்போது நத்தானியேலுக்குக் கை கொடுத்தார், ஆனால் முகவரி கொடுக்கவில்லை.

தானிஷ் பெயரை டிரேட்மார்க் செய்தான். பதிவானதும், பெயரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று இணையத்தில் தேடச் சொன்னான். ஒருவர் அகப்பட்டார். ஜெர்மனியில் சைக்கிள் பழுது பார்க்கும் ஒரு கடை. பலகையில் பெரிய எழுத்தில் ஸ்விக்கன்ஷூ. ஹெல்காவின் தம்பி மகன்.

"ஆன்லைன்ல உதிரி பாகம் விக்கிறான் சார். நம்ம பேர்ல. ஒரு நோட்டீஸ் டிராஃப்ட் பண்ணுங்க."

"அது அவங்க பேரு பாய். பொறந்தப்பவே வெச்சது."

"ரிஜிஸ்டர் பண்ணது நாம."

"நான் எழுத மாட்டேன்."

அந்த வார்த்தையை அந்த அறையில் சொல்வது நத்தானியேலுக்கு அதுதான் முதல் தடவை. தானிஷ் ஒன்றும் கத்தவில்லை. நோட்டீஸை ஒரு சென்னை வக்கீல் எழுதினார். நத்தானியேலின் மேசை, வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் அறைக்கு மாறியது.

இரண்டு மாதம் கழித்து அந்த மேசைக்கே பதில் வந்தது. சைக்கிள் கடைக்காரர் நான்கு பக்கத்துக்குக் கையால் எழுதியிருந்தார். சில இடங்களில் அழுத்தி அடிக்கோடு போட்டிருந்தது. கெஞ்சுகிறாரா, திட்டுகிறாரா, கேஸ் போடப்போகிறாரா என்று தெரியவில்லை. முழுக்க ஜெர்மன்.

நத்தானியேல் அதை தானிஷிடம் கொண்டுபோனார். தானிஷ் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு விற்பனை மேலாளரிடம் கொடுத்தான். அவர் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். கடிதம் மூன்று மாடியும் ஏறி இறங்கி, சாயங்காலம் நத்தானியேலிடமே திரும்பி வந்தது. ஐந்நூறு ஆண்டு ஜெர்மன் மரபுள்ள அந்தக் கம்பெனியில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அவர் அதில் ஓட்டை போட்டு 'பெண்டிங்' ஃபைலில் கோர்த்துவிட்டு, ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.