நாலாம் மாடி, சோளப் பாஸ்தா

கோடைச் சாப்பாட்டுக்கான பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் மொட்டைமாடியில் கூடிச் சாப்பிடுவோம். பட்டியலில் இரண்டு பத்தி. இடது பக்கம் குடும்பங்கள்: வீட்டுக்கு ஒரு பதார்த்தம். வலது பக்கம் தனி ஆட்கள்: அவர்கள் சமைக்க வேண்டாம், தட்டு, டம்ளர், ஐஸ் கொண்டு வந்தால் போதும். போன வருஷம் வரை நாங்கள் இடது பக்கம். நாலாம் மாடி, சோளப் பாஸ்தா. இந்த வருஷம் என்னை வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். நாலாம் மாடி, ஐஸ்.

என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

பால் பாக்கெட்டோடு அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றேன். நாலு மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வந்தவர்கள் உச்சுக்கொட்டியது, அலுவலகத்தில் என்னிடம் மட்டும் எல்லோரும் தணிந்த குரலில் பேசியது, எதுவும். இது உறைத்தது.

தரைத் தளத்துக்குப் போய்ச் செயலாளர் வீட்டு மணியை அடித்தேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். யாரைப் பார்த்தாலும் எந்த இடத்தில் உட்கார வைக்கலாம் என்று யோசிக்கிற மாதிரியே பார்ப்பார்.

"சார், லிஸ்ட்ல தப்பு இருக்கு."

"என்ன தம்பி?"

"நாங்க குடும்பம். ரெண்டு பேர் இருக்கோம்."

"அட, உன் நல்லதுக்குத்தான்பா போட்டேன். இந்த நிலைமையில நீ எங்க அடுப்புல போய் நிப்பே? ஐஸ்னா கடையில வாங்கி வாளியில கொட்டினா வேலை முடிஞ்சுது."

"எனக்கு வேலை முடிய வேண்டாம் சார்."

"கோவிச்சுக்காதே. ஒரு வீடுன்னா சமைக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

"நான் இருக்கேன்ல?"

"சரி சரி, பாக்கலாம்" என்றார். ஜன்னல் சீட் கேட்டு அடம் பிடிக்கிற குழந்தையிடம் சொல்வது போல.

சோளப் பாஸ்தாவை எப்படிச் செய்வது என்று என் மனைவி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மெக்சிகோவில் தெரு வண்டிகளில் மக்காச்சோளக் கதிரைச் சுட்டு, மயோனீஸ் தடவி, சீஸை உதிர்த்துப் போட்டு, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்களாம். அதையே பாஸ்தாவோடு கலந்து குளிர வைத்தால் ஒரு கட்டடத்துக்கே காணும். எங்கோ பார்த்துப் பிடித்துக்கொண்டாள். மெக்சிகோவுக்கு அவளும் போனதில்லை, நானும் போனதில்லை.

சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். வாண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எட்டுக் கதிர். இடுக்கியில் பிடித்து நேராக காஸ் தீயில் காட்டினேன். ஒரு சோள மணி படீரென்று வெடித்து என் காதோரம் பறந்தது.

"இன்னும் சுடுப்பா."

"கருகிடும்டி."

"அம்மாது புலி மாதிரி இருக்கும். மஞ்சள்ல கருப்புக் கோடு. இது பூனை மாதிரிகூட இல்ல."

புலி வரும்வரை சுட்டேன். அடுக்களை முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்துவிட்டு, கதிரை நிமிர்த்திப் பிடித்துக் கத்தியால் மணிகளைச் சீவி இறக்கினேன். பாஸ்தாவை உப்புத் தண்ணீரில் வேக வைத்து வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். சாஸுக்கு மயோனீஸ், புளித்த கிரீம், எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய்த்தூள். விரலில் தொட்டு வாண்டுவிடம் நீட்டினேன்.

"காரம்."

"எவ்வளவு?"

"மூக்கு வரைக்கும்."

"அம்மாது?"

"நாக்கோட நின்னுடும்."

இன்னும் இரண்டு கரண்டி கிரீம் விட்டேன். எல்லாவற்றையும் கொட்டிக் கலந்து, வெங்காயம், கொத்தமல்லி, சீஸ் தூவினேன். பார்க்கச் சரியாக இருந்தது. ஆனால் நான் பெயின்ட் கம்பெனியில் நிறம் பார்க்கிறவன். கேட்ட நிறத்தைக் கலந்து கொடுப்பதுதான் வேலை. ஈரத்தில் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். பலகையில் தடவி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். ஒன்பது வருஷப் பழக்கம். கிண்ணத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்து முடிவு செய்யலாம்.

காலையில் கரண்டியைக் குத்தினேன். நின்றது.

ராத்திரி முழுக்க ஊறி, சாஸை எல்லாம் பாஸ்தா குடித்துவிட்டிருந்தது. பளபளப்பு போய், உப்பிப் போய், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கையில் மூடி போட்ட பாத்திரம். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"டேய், இது பாஸ்தாவா, சுவத்துக்கு அடிக்கிற பட்டியா? ஆபீஸ் வேலையை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா?"

"வாயை மூடு அக்கா."

"இந்தா, நான் ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கேன். உன் பேருல வச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"ரோஷத்தைப் பாரு! அவ பண்றப்போ இப்படி இறுகினதே இல்லையே. அவ எப்படிடா பண்ணினா? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். ஒவ்வொரு வருஷமும் அவள் மாடிக்குப் போகும்போது கிண்ணத்தோடு ஒரு பாட்டிலும் எடுத்துப் போவாள். எல்லோர் முன்னாலும் சாஸை ஊற்றி, பெரிய கரண்டியால் ரொம்ப நேரம் கிளறுவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கீழேயே கலந்து எடுத்து வரக் கூடாதா, எல்லாரும் பாக்கறாங்க என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுக் கிளறிக்கொண்டே இருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. பதில் இப்போது கிண்ணத்தில் இருந்தது.

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன்.

"கரண்ட் வீணாகுதுடா" என்றாள் அக்கா. மெதுவாகச் சொல்லவில்லை. அதற்காக அவளைப் பிடித்தது.

மறுபடி சாஸ் கலக்கினேன். இந்தத் தடவை முழுக்க ஒரு பாட்டிலில். அக்கா எலுமிச்சையை எடுத்தாள்.

"தொடாதே. நீ தொட்டா நீ பண்ணினதாயிடும்."

"எலுமிச்சை பிழியறதுகூடவாடா?"

"அதுகூடத்தான்."

"புடிவாதக் கழுதை. சின்ன வயசுலயும் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு, அதான் சரின்னு ஊரெல்லாம் நடப்பே. அப்ப நான் செஞ்சு கொண்டு வந்ததை என்ன பண்றது?"

"நான் சாப்பிடறேன் அத்தை" என்றாள் வாண்டு. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

மாடியில் பந்தல் போட்டு இரண்டு மேஜை வைத்திருந்தார்கள். பெரிய மேஜையில் பதார்த்தங்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருந்த சின்ன மேஜையில் தட்டும் டம்ளரும் ஒரு காலி வாளியும். நான் பெரிய மேஜைக்குப் போனேன். இடமில்லை. பழக் கிண்ணத்தையும் கேக்கையும் முழங்கையால் தள்ளி இடம் பண்ணினேன்.

"தம்பி, ஐஸ் எங்க?" என்றார் செயலாளர்.

"கொண்டு வரல."

"என்னப்பா இது? லிஸ்ட்ல போட்டிருக்கே!"

"லிஸ்ட் தப்புன்னு அன்னைக்கே சொன்னேன் சார்."

"இந்த வெயில்ல ஐஸ் இல்லாம ஜூஸை என்ன பண்றது? சூடா ஆத்திக் குடிக்கறதா?"

யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா தெரியாது. பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். கிளறினேன். கட்டிகள் உடைய நேரமெடுத்தது. இருபது முப்பது பேர் என் கையையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கிளறினேன். செயலாளர் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே கடைக்குப் போனார்.

முதலில் தட்டை நீட்டியது இரண்டாம் மாடி பல் டாக்டரம்மா. ஒரு வாய் மென்றுவிட்டு நிறுத்தினார்.

"சோளம் கொஞ்சம் தீஞ்சிருக்கே."

"தீயணும் டாக்டர்."

"காரமும் தூக்கலா இருக்கு. அவங்க பண்றதுல இவ்வளவு..."

"இது அவ பண்ணினது இல்ல. நான் பண்ணினது."

பக்கத்தில் நின்றவர்கள் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். "ஆமா இல்ல" என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். பாவமா, பசியா, தெரியவில்லை. பசி என்று வைத்துக்கொண்டேன்.

செயலாளர் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஐஸை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கேட்காமலே ஒரு தட்டு வைத்தேன். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார்.

"சரிப்பா. அடுத்த வருஷம் உன்னை இந்தப் பக்கமே போட்டுடறேன். போதுமா?"

"அடுத்த வருஷம் இல்ல சார். இந்த வருஷம். காகிதம் இன்னும் லிஃப்ட் பக்கத்துலதான் இருக்கு."

"சாப்பாடே முடியப்போகுது. இப்ப அதை மாத்தி என்ன ஆகப்போகுது?"

"என் பொண்ணு தினம் அந்த லிஃப்ட்லதான் போறா, வர்றா. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்."

அவர் வாண்டுவைத் தேடினார். அவள் கேக் பக்கத்தில், வாயெல்லாம் சீஸோடு, யாரிடமோ புலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தட்டை வைத்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்தார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

நான் கூடப் போகவில்லை. கிண்ணத்தில் பாதி மீதி இருந்தது. சாஸ் அடியில் இறங்கியிருந்தது. மறுபடி கிளறினேன்.

"யாருக்கு வேணும்?" என்று கேட்டேன், சத்தமாகவே.